பத்து மாத வயிற்றுவலி

"வலி வலப்பக்கமா, இடப்பக்கமா?"

நாட்டு வைத்தியம் பார்க்கிற மாகுமேதே கேட்டது அவ்வளவுதான். வெலாபி ஸிகாலிக்கு வயிற்றில் இல்லாத வலி நெஞ்சில் வந்துவிட்டது. நேற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவைத்தோம்? வலப்பக்கம்தானே? இல்லையில்லை, அது போன வாரம். பொய் சொல்வதென்று இறங்கிவிட்ட மனுஷன் ஒரு துண்டுக் காகிதத்திலாவது குறித்துவைத்துக்கொள்ள வேண்டாமா?

"அது... நகருது," என்றார்.

கொய்யா மரத்தடியில் பாய் விரித்து மருலா மரப் பட்டையை இடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "நகருதா?"

"ஆமா. காலையில இங்க இருந்துச்சு. க்ளினிக் கேட்டைத் திறக்கறப்ப நடுவுல வந்துச்சு. இப்ப இந்தப் பக்கம்."

"பரவாயில்லையே, ஸிகாலி. நம்ம ஊர் வேனைவிட ஒழுங்கா ஓடுது உங்க வலி," என்று சொல்லிவிட்டு அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

வெலாபி வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒரே மடக்கில் விழுங்கினார். கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்தார். வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் மருந்துக்கு நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் மருந்து செத்துப்போகும், விட்டுப்போன நோய் திரும்பி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். குடித்தோமா, எழுந்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். குணமாகிவிட்டால் ஒருநாள் வந்து "சரியாப்போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதோடு சரி. அதற்கப்புறம் அந்த வாசலில் நோயாளிக்கு வேலை இல்லை.

அந்தக் கடைசி வரிதான் வெலாபிக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மனுஷருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, நிஜம். ஏப்ரலில் மச்சான் டெலானியின் மகள் கல்யாணத்தில் மாட்டுக் குடலை ஒரு பிடி பிடித்தார். மறுநாளிலிருந்து வீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடந்தே தேய்ந்துபோனார். க்ளினிக் வாசலில் காவல் காக்கிற ஆள், க்ளினிக்குக்குள் போக வெட்கப்பட்டு மாகுமேதேயிடம் வந்தார். கிழக்குப் பார்த்த பக்கம் ஒரு சீவல், மேற்குப் பார்த்த பக்கம் ஒரு சீவல் என்று மருலா மரத்தில் பட்டை எடுத்து, கொய்யா இலை போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். நாக்கே சுருண்டுகொள்கிற துவர்ப்பு. மூக்கைப் பிடிக்கிற பழக்கம் அப்போது வந்ததுதான். ஆறே நாளில் வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது.

ஏழாம் நாள் "சரியாப்போச்சு" என்று சொல்லத்தான் போனார். அவளோ கிண்ணத்தை ஏற்கெனவே எடுத்துவைத்துவிட்டு, பாதிரியாரின் தொப்பியை ஆடு தின்ற கதையை ஆரம்பித்துவிட்டாள். பாதிரியார் ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறார், ஆடு தொப்பியோடு கோயிலுக்குள் ஓடுகிறது. வெலாபி சிரித்தார். பெண்டாட்டி செத்து நாலு வருஷத்தில் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது ஆறிப்போன சோளக்களியும் ஒரு ரேடியோவும். அவளும் தனியாள்தான், புருஷன் போய் ஏழு வருஷம்.

"எப்படி இருக்கு இப்ப?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்றது அவர் வாய்.

அந்தக் "கொஞ்சம்" பத்து மாதம் ஓடியது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு க்ளினிக் கேட்டைச் சாத்திவிட்டு, கால் தானாக இங்கே வந்துவிடும். ஒரு கிண்ணம், ஒரு கதை, இருட்டுவதற்குள் வீடு. கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்க ஒரு வாக்கியத்தை க்ளினிக் வாசலில் நின்று மனப்பாடம் செய்திருந்தார். அந்த வாக்கியத்தை க்ளினிக் கேட்டிடமே நூறு தடவை சொல்லியாயிற்று. அவளிடம் வந்தால் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பாழாய்ப்போன "நகருது" வரும்வரை.

ஏனென்றால் வீட்டுக்குள்ளே மாகுமேதேயின் நாத்தனார் பஜபீலே பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். பஜபீலேயின் காதில் விழுந்த சேதிக்கு வேன் எதற்கு? அது தானே நடந்து ஊரைச் சுற்றிவிடும். நகர்கிற வலி என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். இடுமருந்து. யாரோ சோற்றில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் வீட்டுச் சோறு? மறுநாள் காலை எட்டு மணிக்கு டெலானி க்ளினிக் வாசலில் நின்றான், கையில் ஒரு வாளி.

"மச்சான், இந்தா, உப்புத் தண்ணி. குடி. குடிச்சிட்டு வாந்தி எடு. இங்கயே எடு. ஊரே பாக்கட்டும். என் வீட்டுல வச்ச மருந்து வெளிய வந்துச்சுன்னா நான் ஊரை விட்டே போயிடறேன்."

"டேய், பத்து மாசத்துக்கு முன்ன தின்னது இப்ப எப்படிடா வெளிய வரும்?"

"அப்ப உள்ள இருக்குங்கற!"

"நான் எங்கடா சொன்னேன்?"

"பஜபீலே சொல்றா. என் பொண்டாட்டி நேத்து ராத்திரியிலிருந்து அடுப்பே மூட்டல. 'செத்துப்போன எங்க அண்ணன் மேல சத்தியம், நான் அவருக்கு ஒண்ணும் வைக்கல'ன்னு அழுவுறா. எங்க அக்கா உயிரோட இருந்திருந்தா இந்தப் பேச்சு வருமா?"

மாத்திரை வாங்க வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நகர்ந்து வந்தார்கள். செத்துப்போன பெண்டாட்டியின் தம்பியை ஊர் நடுவில் விஷம் வைத்தவனாக நிறுத்துவதா? வெலாபிக்கு மனசு கேட்கவில்லை. அவசரத்தில் வாயில் வந்த பொய்யை எடுத்து வீசினார்.

"உன் வீட்டுச் சாப்பாடு இல்லடா. மருந்து மெதுவா வேலை செய்யுது. அவ்வளவுதான்."

"மெதுவாவா?" டெலானி வாளியைக் கீழே வைத்தான். "பத்து மாசமா? அப்ப மருந்துதான் சரியில்ல!"

வரிசையில் யாரோ "அதான் நானும் நினைச்சேன்" என்றார்கள்.

வெலாபி நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோஜனம்?

அடுத்த வாரமே தெரிந்தது. முன்பெல்லாம் மாகுமேதேயின் முற்றத்தில் குறைந்தது ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பேதி பிடித்த பிள்ளையைத் தூக்கிவந்த தாய், நெஞ்செரிச்சல்காரக் கிழவர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆள் வரும். இப்போது இரண்டு கோழிகள்தான் உட்கார்ந்திருந்தன. மங்குசி சந்தையில் ஒலிபெருக்கி வைத்து "ஒரே வேளை, ஒரே மூச்சு" என்று கத்துகிற புது வைத்தியன் வாசலில் கூட்டம் நெரிந்தது.

"கூட்டத்தையே காணோமே?" என்றார் வெலாபி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"மழைக்காலம். எல்லாருக்கும் வயல்ல வேலை."

"மழையே பெய்யலையே."

"அப்ப வெயிலுக்குப் பயந்துக்கிட்டு வரல போல," என்றாள் அவள். கிண்ணத்தை நீட்டினாள். "எப்படி இருக்கு இன்னைக்கு?"

அவள் முகத்தைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லவும் வரவில்லை, வேறு சொல்லவும் வரவில்லை. "ம்" என்றார். அன்றைக்கு அவள் கதை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வெலாபி தன்னையே திட்டிக்கொண்டு போனார். அடப் பாவி, உன் சாயங்காலச் சுகத்துக்கு ஒரு பொம்பளையின் கைராசியைக் காவு கொடுத்துவிட்டாயே!

அன்று வீட்டில் களி இறங்கவில்லை. ஒன்று அவள் பேர், இல்லையென்றால் தன் சாயங்காலம். குணமாகிவிட்டது என்று ஊரறியச் சொன்னால் அவள் பேர் நிமிர்ந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாயில் உட்கார எந்தச் சாக்கும் இல்லை. நெடுநேரம் யோசித்தார். அவள் பேர்தான் பெரிது என்று முடிவெடுத்தார். இந்த ஒரு காரியத்துக்கு மனுஷரைப் பாராட்டத்தான் வேண்டும். முடிவெடுத்தது சரி. செய்த விதம்தான் விதி.

அது மருலாப் பழம் விழுகிற மாதம். சனிக்கிழமை ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் மருலாக் கள் பானை பானையாக இறங்கியிருந்தது. ஊர் முழுக்க அங்கேதான். வயிற்றுவலிக்காரர் என்பதால் இந்தப் பருவம் முழுக்க வெலாபி அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. அன்றைக்கு நேராக நடுமுற்றத்துக்குப் போனார், தொப்பியைக் கழற்றினார்.

"எல்லாரும் கேளுங்க. எனக்குக் குணமாயிருச்சு. மாகுமேதே கை வச்சுதான் குணமாச்சு. அவ மருந்து மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது!"

ஒரே ஆரவாரம். பெண்கள் குலவையிட்டார்கள். பின்வரிசையில் பஜபீலேயோடு நின்ற மாகுமேதே தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா என்று வெலாபியால் பார்க்க முடியவில்லை.

"சும்மா சொன்னா ஆச்சா?" என்று எழுந்தான் டெலானி. "குடிச்சுக் காட்டு மச்சான்!"

குடித்துக் காட்டினார். ஒரு சொப்பு. "இன்னொண்ணு!" என்றார்கள். அவள் பேருக்காக இன்னொன்று. மூன்றாவது ஊர்த்தலைவர் மரியாதைக்கு. நாலாவதுக்குப் பிறகு யார் மரியாதை என்று தெரியவில்லை. அப்போது டெலானி வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சட்டி நிறையக் குடல் குழம்போடு வந்தான்.

"என் வீட்டுக் குடல். என் பொண்டாட்டி சமைச்சது. தின்னு காட்டு. அப்பதான் எங்க பேர்ல பழி இல்லைன்னு ஆகும்."

எப்படி மறுப்பது? சட்டியை வழித்துத் தின்றார். அதன்மேல் ஐந்தாவது சொப்பு. உச்சி வெயில். பத்து மாதம் கள்ளே பாராத வயிறு. கொஞ்ச நேரத்தில் வெலாபி ஸிகாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் நடுவில் உருண்டார். இந்த முறை அசல் வலி. வலப்பக்கம், இடப்பக்கம், நடுப்பக்கம், எல்லாப் பக்கமும்.

மண் அள்ளுகிற தள்ளுவண்டியில் போட்டு அவரை க்ளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தான் காவல் காக்கிற கேட்டுக்குள் தானே சரக்காகப் போனார்.

நர்ஸ் தெம்பே கெட்டிக்காரி. குரல்தான் கொஞ்சம் பெரிசு. ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றினாள், ஒரு ஊசி போட்டாள், எல்லாப் பரிசோதனையும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வெலாபி எழுந்து உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே பாதி ஊர் நின்றது.

"பெரியவரே, உங்க வயித்துல ஒரு குறையும் இல்ல. இருபது வயசுப் பையன் குடல் மாதிரி இருக்கு!" என்று ஜன்னலுக்கும் சேர்த்துச் சொன்னாள் தெம்பே. "ஆமா, பத்து மாசமா வலின்னு சொன்னாங்களே, உண்மையா?"

இல்லை என்றால் பத்து மாதமாக அவள் வாசலில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஒரு விதவையின் முற்றத்தைப் பற்றிப் பேசுவார்கள். வெலாபி தலையை ஆட்டினார். "உண்மைதான்."

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

"பாத்தீங்களா!" என்றது ஜன்னல். "பத்து மாசம் அவளால முடியாததை ஒரே பாட்டில்ல முடிச்சுட்டாங்க!"

"ஐயோ, அது வேற வலிங்க! இது வேற வலி!" என்று கத்தினார் வெலாபி.

"எத்தனை வலிதான் வச்சிருக்க மச்சான் நீ?" என்றான் டெலானி.

அவ்வளவுதான். அத்தோடு மாகுமேதேயின் முற்றத்துக்கு அந்த இரண்டு கோழிகள்கூட வருவதை நிறுத்திவிட்டன என்று ஊரில் கேலி பேசினார்கள். வெலாபி அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? வெள்ளிக்கிழமை க்ளினிக் வாசலில் ஒரு பெண் சொன்னாள், மாகுமேதே மூட்டை கட்டுகிறாளாம், நாளைக் காலை வேனில் ரிச்சர்ட்ஸ் பே போகிறாளாம், மகள் வீட்டோடு இருக்கப்போகிறாளாம். வெலாபி அன்றைக்கு ஐந்து மணிவரைகூடக் காத்திருக்கவில்லை. நாலரைக்கே கேட்டைச் சாத்திவிட்டு ஓடினார்.

பாய் விரித்திருந்தது. கிண்ணமும் இருந்தது. அவர் வருவார் என்று யாரும் சொல்லியிருக்க வழியில்லை.

"நிஜமாவா?" என்றார், மூச்சு வாங்க.

"மகளுக்கு ரெண்டாவது பிள்ளை. கூடமாட ஆள் வேணுமாம்."

"திரும்பி எப்ப?"

"இங்க எனக்கு என்ன வேலை இருக்கு, ஸிகாலி? யாரு வர்றா?" கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை அறுத்தது. "குடிங்க. கடைசிக் கிண்ணம்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"சரியாப்போச்சு," என்றார் வெலாபி. பத்து மாதத்துக்குப் பிறகு, கடைசியில், அந்த வார்த்தை வந்தேவிட்டது. "நிஜமாவே சரியாப்போச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையா?"

இருந்தது. ஐயோ, எவ்வளவு இருந்தது! உன்னால்தான் நான் மறுபடி சிரித்தேன், உன்னால்தான் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று வந்தது, போகாதே என்று சொல்ல இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நன்றி என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் கையில் மருந்துக் கிண்ணம். அவள் பேரைக் கொன்றாயிற்று, கைராசியைக் கொன்றாயிற்று. கடைசியாகக் கொடுத்த மருந்தையும் கொல்ல வேண்டுமா? அந்த வார்த்தையை மருந்தோடு சேர்த்து விழுங்கினார்.

"மருந்துக்கு..." என்று இழுத்தார்.

"ஆமா. மருந்துக்குச் சொல்லக்கூடாது," என்றாள் அவள். அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி அவளே கவிழ்த்துவைத்தாள். "நேரமாச்சு. கிளம்புங்க."

சனிக்கிழமை காலை வேன் புழுதி கிளப்பிக்கொண்டு க்ளினிக் வாசல் வழியாகத்தான் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெலாபி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் முழுசாக ஞாபகம் இருந்தது. கை மட்டும் தூக்கினார். அவளும் தூக்கினாள். வேன் போய்விட்டது. ஒரு மனுஷன் இப்படியும் இருப்பானா என்று எனக்கே அவரை இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால் பழக்கத்தில் அவரை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது. பஜபீலே தனியாக முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே? மறுபடி வலியா?"

"இல்ல." கொய்யா மரத்தடியில் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "வலியே இல்ல, பஜபீலே. பத்து மாசமாவே இல்ல. ஆறாம் நாளே எல்லாம் சரியாப்போச்சு. அவளைப் பாக்கணும்னுதான் தினமும் வந்தேன். கடைசியில என்னாலதான் அவ பேர் கெட்டு, ஊரை விட்டே போயிட்டா."

பஜபீலே திடுக்கிடவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"பேர் கெட்டதுக்கெல்லாம் அவ போகல."

"பின்ன?"

"ஆறாம் நாளே உங்களுக்குச் சரியாப்போச்சுன்னு அவளுக்கும் தெரியும் அண்ணே, அன்னைக்கே பட்டையை நிறுத்திட்டா, அதுக்கப்புறம் பத்து மாசமா நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சது வெறும் டீத்தண்ணி. மருந்துக்குத்தானே நன்றி சொல்லக்கூடாது, டீக்காவது ஒருநாள் இந்த மனுஷன் சொல்லிர மாட்டாரான்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்தா."